பாரமே பாரமாகலாமா?

சர்க்காரிடம் ஜனங்களுக்குள்ள பாத்தியதைகள் சட்டப் புத்தகங்களில் எத்தனையோ அச்சாகியிருக்கின்றன. அச்சான பாத்தியதை ஏழையின் கைக்கு வந்து சேர ஒரு வாசல் வேண்டுமல்லவா? முன்பு அந்த வாசல் தாலூகா கச்சேரியில் இருந்தது. இன்று அது இணையதளத்தில் இருக்கிறது. அதற்குள் போக விரும்புகிறவன் முதலில் சந்திப்பது, கணக்குப் பதிவு செய்யச் சொல்லும் ஒரு பாரத்தையும், பதிந்த பிறகு ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழைவதற்குரிய ஒரு சிறு கட்டத்தையுமேயாகும். இவற்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது, இது யந்திரம் தெரிந்த நிபுணர்களின் வேலையல்லவா என்று சில நேயர்கள் கேட்கலாம். வாசலின் உயரத்தைத் தச்சன் நிர்ணயிக்கலாம். ஆனால் அந்த வாசல் வழியே யார் உள்ளே போக வேண்டும் என்பது ஜனங்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆகவே இது நமது விஷயமே. நமது ஊர்களில் விண்ணப்பத் தாளைப் பாரம் என்பார்கள். சுமைக்கும் பாரம் என்றே பெயர். இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதே நாம் சொல்ல வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். 1996-ம் வருஷம் மதுரையினின்று பிரிந்த தேனி மாவட்டத்தின் தென்மேற்குப் பாகம் அது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் நெல்லும், 2023-ம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையும் விளையும் பூமி. விடிவதற்கு முன்னரே ஜீப்புகளில் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைகளின் ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து வீடு திரும்பும் ஆண்களும் பெண்களும் இங்கே ஏராளம். இவர்களுக்குச் சர்க்கார் தரும் சகாயங்கள் பல. அமைப்புசாராத் தொழிலாளருக்கு இ-ஷ்ரம் பதிவு உண்டு. குடியானவனுக்கு 2019-ம் வருஷம் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு ஜாதி, வருமான, இருப்பிடச் சான்றுகள் உண்டு. இவை ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பாரம் நிற்கிறது.

இந்தப் பிரதேசத்து ஜனங்கள் யந்திரத்தைக் கண்டு மிரளுகிறவர்கள் அல்லர். போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே விலை கேட்கின்றனர். சந்தையில் கீரை விற்கும் கிழவியும், செல்போன் காட்டும் யு.பி.ஐ. பணத்தை வாங்கிக்கொள்கிறாள். 2016-ம் வருஷம் வந்த அந்த ஏற்பாடு இவ்வளவு சீக்கிரத்தில் பட்டிதொட்டிகளுக்கெல்லாம் பரவியதேன்? பணம் கொடுக்கிறவனிடம் அது அதிகம் கேட்பதில்லை. தொகையைக் கேட்கிறது, நான்கு அல்லது ஆறு இலக்கமுள்ள ஒரு ரகசிய எண்ணைக் கேட்கிறது, வேலை முடிந்தது. எளிமையாகச் செய்து கொடுத்ததை நமது ஜனங்கள் ஏற்றுக்கொண்டனர். ஆதலால், ‘ஜனங்களுக்குப் படிப்பில்லை, அதனால் பாரம் நிரப்பத் தெரியவில்லை’ என்று உத்தியோகஸ்தர் சொல்லும் சமாதானம் செல்லாது. நிரப்ப முடியாத பாரத்தை எழுதியவர்களே அதற்குப் பொறுப்பாளிகள்.

பதிவு என்ற சொல்லைக் கேட்டால் இந்த வட்டாரத்துக்குப் பழைய ஞாபகம் ஒன்று வரும். 1911-ம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி, பிறமலைக் கள்ளர் வகுப்பைச் சேர்ந்தவர்கள் குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும் தங்கள் விரல் ரேகையைப் பதிய வேண்டும் என்று அந்நிய சர்க்கார் உத்தரவிட்டது. ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் அதற்கு இணங்க மறுத்தவர்கள் மீது 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்கார் இந்தியர்களைக் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்தியபோது, 1908-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜோஹான்னஸ்பர்க்கில் காந்தியடிகளின் தலைமையில் பதிவுச் சீட்டுகள் தீயிலிடப்பட்டன. இன்றைய இணையதளப் பாரத்தை அந்தக் கொடுமைக்குச் சமமாக நாம் சொல்ல வரவில்லை. அன்று பதிவு அடக்கி ஆள்வதற்காக நடந்தது. இன்று சகாயம் தருவதற்காக நடக்கிறது. ஆனால் அந்தச் சரித்திரம் ஒரு பாடத்தை விட்டுப் போயிருக்கிறது. ஒரு மனிதனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் சாமானியமானதன்று. கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் கேட்கிறவன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். காரணமில்லாத கேள்வி, கேட்கப்படுகிறவனின் மானத்தைக் குறைக்கிறது.

சமீப காலத்து அனுபவத்தையும் பார்ப்போம். 2020-ம் வருஷம் மார்ச் 25-ந் தேதி தேசம் முழுவதும் ஊரடங்கு வந்தபோது மலைக்குப் போகும் ஜீப்புகள் நின்றுபோயின. பின்னர் மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும் என்றாயிற்று. கேரளத்துக்குள் போக அந்த ராஜ்யத்தின் ஜாக்ரதா தளத்திலும் பதிய வேண்டியிருந்தது. கலியாணம், மரணம், அவசர வைத்தியம் முதலிய சில காரணங்களுக்கே முதலில் பாஸ் கிடைத்தது. விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன, தரகர்கள் பாஸ் விற்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. கடைசியில் தமிழ்நாடு சர்க்கார் 2020 ஆகஸ்டு 17 முதல், ஆதார் அல்லது ரேஷன் கார்டு விவரத்துடன் செல்போன் எண்ணைக் கொடுத்த எவருக்கும் உடனே பாஸ் என்று அறிவித்தது. செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கிடையில் பாஸே வேண்டாம் என்று நீக்கிவிட்டது. கேள்விகளைக் குறைத்தவுடன் தரகனுக்கு வேலை குறைந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தது. 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் கோவின் தளத்தில் முதலில் பதிந்துகொண்டே வர வேண்டும் என்றார்கள். அந்தத் தளமோ ஆரம்பத்தில் இங்கிலீஷில்தான் பேசிற்று. 2021 மே 31-ல் சுப்ரீம் கோர்ட்டு, யந்திரப் பதிவை மட்டுமே நம்பினால் இணைய வசதியற்ற ஜனங்கள் விடுபட்டுப் போவார்கள் என்று எடுத்துக் காட்டியது. ஜூன் மாதத்தில் இந்தியையும் வேறு பல பாஷைகளையும் அந்தத் தளத்தில் சேர்த்தபோது தமிழ் அவற்றில் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே தமிழும் சேர்ந்தது. உயிர் காக்கும் மருந்தின் வாசலிலேயே தமிழுக்குப் பின்வரிசை என்றால், மற்ற வாசல்களைப் பற்றிக் கேட்பானேன்?

அதே வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தின் கதையும் இதுவே. 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளருக்கென்று ஏற்பட்டது அது. 30 கோடிக்கு அதிகமானவர்கள் அதில் பதிந்திருக்கின்றனர். ஆயினும் இங்கிலீஷ், இந்தி, கன்னடம், மராத்தி ஆகிய நான்கு பாஷைகளில்தான் அது வெகுகாலம் இருந்தது. 2025 ஜனவரியில்தான் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளிலும் கிடைக்கும்படி செய்யப்பட்டது. மூன்று வருஷத்துக்கு மேலாக, ஏலக்காய் பறிக்கும் பெண் தன்னுடைய தொழில் இன்னதென்று தன்னுடைய பாஷையில் சொல்ல வழியில்லாதிருந்தாள். இன்று வழி பிறந்திருப்பது நல்லதே. ஆனால் பாஷையைக் கடைசியில் ஒட்டுப்போடும் சாமானாகக் கருதும் மனப்பான்மை மாற வேண்டும். தமிழன் நிரப்ப வேண்டிய பாரம் முதலில் தமிழிலேயே சிந்திக்கப்பட்டு எழுதப்பட வேண்டும். இங்கிலீஷ் வாசகத்தை யந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ், படிப்பவனை இன்னும் ஒரு தரம் திகைக்க வைக்கிறது.

பாஷை மாத்திரம் போதுமா? போதாது. கட்டங்களைப் பாருங்கள். முதற் கட்டத்தில் ‘முதற்பெயர்’ என்றும் அடுத்ததில் ‘கடைசிப் பெயர்’ என்றும் கேட்கும் பாரங்கள் அநேகம். தமிழனுக்குக் கடைசிப் பெயர் ஏது? தன் பெயரும், அதற்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்துமே நமது வழக்கம். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஜாதிப் பட்டத்தை விட்டுவிடுவது என்று 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தது; நாளடைவில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதை விட்டும் விட்டனர். அவ்வளவு பாடுபட்டு ஒழித்ததைப் பாரத்தின் ஒரு கட்டம் திரும்பவும் கொண்டு வா என்கிறது. கொண்டு வராவிட்டால் சிவப்பு எழுத்தில் தவறு என்கிறது. என்ன செய்வான் மனிதன்? ஓரிடத்தில் முதலெழுத்தைக் கடைசிப் பெயராகப் போடுகிறான். வேறோரிடத்தில் தகப்பன் பெயரை முழுதும் எழுதுகிறான். இன்னோரிடத்தில் தன் பெயரையே இரண்டு தரம் எழுதுகிறான். மணமான பெண்ணுக்கோ தகப்பன் எழுத்தா புருஷன் எழுத்தா என்ற சங்கடம் வேறு. பிறகு ஆதாரிலுள்ள பெயரும், பாங்குப் புத்தகத்திலுள்ள பெயரும், பட்டாவிலுள்ள பெயரும் ஒத்துவரவில்லை என்று பணம் நின்றுவிடுகிறது. இந்த வம்பு முழுவதும், ‘உங்கள் பெயர்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தால் வந்திருக்காது.

பிறந்த தேதியும் இப்படியே. வயது தெரியும், தேதி தெரியாது என்னும் முதியோர் நமது கிராமங்களில் இன்னும் இருக்கின்றனர். ஆதாரிலேயே பலருக்குப் பிறந்த வருஷம் மட்டும் உண்டு. நாளையும் மாதத்தையும் நிரப்பாவிட்டால் மேலே போக விடாத பாரம், உண்மையைச் சொல்ல வந்தவனைப் பொய் சொல்லப் பழக்குகிறது. சகாயம் தருவதற்கு வயது வரம்பு தெரிந்தால் போதுமானபோது, தேதி எதற்கு?

அடுத்தது செல்போனுக்கு வரும் ஒருமுறை எண், அதாவது ஓடிபி. இது செல்போன் ஒவ்வொருவர் கையிலும் உண்டு, எந்நேரமும் சிக்னல் உண்டு, எண் ஒருபோதும் மாறுவதில்லை என்று மூன்று விஷயங்களை உண்மையென்று எடுத்துக்கொள்கிறது. மலைச் சரிவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும். குடும்பத்துக்கு ஒரு செல்போன். அது மகனுடன் திருப்பூருக்குப் போயிருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போயிருக்கும். சில நிமிஷங்களுக்குள் எண் காலாவதியாகிவிட, இவ்வளவு நேரம் நிரப்பியதெல்லாம் துடைத்து வெறுமையாகிவிடும். பி.எம். கிசான் திட்டத்தில் ஓடிபியோடு விரல் ரேகை வழியும், 2023 ஜூன் முதல் முகம் காட்டி மெய்ப்பிக்கும் வழியும் வைத்திருப்பதை நாம் பாராட்டுகிறோம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழுவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசல் இருக்க வேண்டும் என்ற நியாயம் எல்லாத் தளங்களிலும் அனுஷ்டிக்கப்பட வேண்டும்.

கடவுச்சொல்லின் கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில், பலர் பங்கிட்டுக்கொண்ட ஒரே கம்ப்யூட்டரில் அவரவர் கோப்புகளைப் பிரித்து வைப்பதற்காக பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் குழு அதை ஏற்படுத்தியது. 2003-ம் வருஷம் அந்த தேசத்தின் தர நிர்ணய ஸ்தாபனத்தில் பில் பர் என்னும் உத்தியோகஸ்தர், பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து இருக்க வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்று யோசனை எழுதினார். உலகமெல்லாம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியது. 2017-ல் அதே ஸ்தாபனம் அந்த விதிகளைக் கைவிட்டது. பர் அவர்களும் தாம் எழுதியதற்கு வருந்துவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். மனிதனால் ஞாபகம் வைக்க முடியாத சொல்லை அவன் தாளில் எழுதித்தான் வைப்பான். அடிக்கடி மாற்றச் சொன்னால் கடைசியில் ஒன்று, இரண்டு என்று எண்ணைச் சேர்ப்பான். இதில் பாதுகாப்பு இல்லை என்பது அனுபவத்தில் தெரிந்தது. எழுதினவர்களே விட்டுவிட்ட விதியை நமது நாட்டுத் தளங்கள் பல இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது ஆச்சரியமே. அத்துடன், கோணல்மாணலான இங்கிலீஷ் எழுத்துக்களைக் காட்டி, ‘இதைப் படித்து எழுது’ என்னும் காப்ச்சா வேறு. யந்திரத்தினின்று மனிதனைப் பிரித்தறிவதற்கென்று ஏற்பட்ட அந்தச் சோதனையில், இங்கிலீஷ் எழுத்து அறியாத தமிழன் மனிதனல்லன் என்று தீர்ப்பாகிறது.

இவ்வளவு தடைகளின் பலன் என்ன? கஷ்டமான பாரம் ஜனங்களைத் தடுத்து நிறுத்திவிடுவதில்லை. அவர்களைத் தரகனிடம் அனுப்பிவிடுகிறது. முன்னாளில் கச்சேரி மரத்தடியில் மனு எழுதித் தந்தவரிடம் கூலியைக் கொடுத்தால் காரியம் முடிந்தது. மனுவில் விழுந்த ரேகை நம்முடையதே. இன்றைய ஏற்பாட்டில் கம்ப்யூட்டர் கடைக்காரர் தம்முடைய செல்போன் எண்ணையே பாரத்தில் போடுகிறார்; கடவுச்சொல்லைத் தாமே வைத்துத் தம்முடைய நோட்டில் எழுதிக்கொள்கிறார். அவரில் பலர் யோக்கியர்கள். ஊருக்கு உபகாரமாகவே அதைச் செய்கிறார்கள். ஆனாலும் கணக்கின் சாவி அவர் கையில் இருக்கிறது. அடுத்த வருஷம் விவரம் திருத்த வேண்டுமானாலும், பணம் வந்ததா என்று பார்க்க வேண்டுமானாலும் அவரைத் தேடிப் போக வேண்டும். கடை மூடிவிட்டால் கணக்கும் மூடிவிட்டது. ஒரு தொழிலாளியின் பெயரில் இருக்கும் சொத்துக்கு அவனிடமே சாவி இல்லையென்றால் அதை அவனுடைய சொத்து என்பது எப்படி?

பாரத்தை எளிதாக்கினால் அபாத்திரர்கள் நுழைந்து பொதுப் பணத்தைக் கொள்ளையடிப்பார்களே என்று ஆட்சேபிக்கிறவர்கள் உண்டு. இது அலட்சியப்படுத்தத்தக்க ஆட்சேபணையன்று. பொதுப் பணம் ஏழையின் பணமே. ஆனால் 2020-ம் வருஷம் தமிழ்நாட்டில் பி.எம். கிசான் திட்டத்தில் நடந்த மோசடியை எண்ணிப் பாருங்கள். வட மாவட்டங்கள் பலவற்றில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் அவர்கள் கணக்குகளுக்குப் போயிற்று. அவர்கள் நுழைந்த வழி எது? உத்தியோகஸ்தர்களுக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரகர்கள் கைக்குப் போனதே வழி. குடியானவன் நிரப்பிய பாரத்தில் கேள்வி குறைந்ததால் அது நடக்கவில்லை. முன்வாசலில் குடியானவனை நூறு கேள்வி கேட்டுவிட்டு, பின்வாசல் சாவியைத் தரகன் கைக்குப் போகவிட்டதே காரணம். ஆகவே திருட்டைத் தடுக்க வேண்டிய இடம் உள்ளே இருக்கிறது. சோதனை செய்வது சர்க்காரின் வேலை. நிலப் பதிவேடும், ரேஷன் பதிவேடும், பாங்குக் கணக்கும் அவர்களிடமே இருக்கின்றன. அவர்களிடம் இருப்பதையே நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதச் செய்வது சோதனையாகாது.

மேல்நாட்டு வியாபாரிகள் இந்தப் பாடத்தைப் பணம் இழந்து கற்றார்கள். ஒரு பெரிய கடையின் இணையதளத்தைப் பற்றி ஜாரெட் ஸ்பூல் என்னும் நிபுணர் 2009-ல் எழுதியது பிரசித்தமானது. சாமான்களைப் பொறுக்கி எடுத்துப் பணம் கட்டப் போகும் சமயத்தில், ‘முதலில் பதிவு செய்’ என்று ஒரு பாரம் குறுக்கே நின்றது. புதியவர்கள் வெறுத்துப் போனார்கள். பழையவர்கள் கடவுச்சொல்லை மறந்து தவித்தார்கள். பலர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை வைத்திருந்தனர். அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, ‘தொடர்க’ என்று ஒன்றை வைத்து, வாங்குவதற்குக் கணக்கு அவசியமில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்குவோர் தொகை 45 சதவீதம் உயர்ந்தது; முதல் வருஷத்திலேயே 30 கோடி டாலர் அதிகம் வந்தது. வியாபாரிக்கு நஷ்டம் கணக்கில் தெரிகிறது, அதனால் திருத்திக்கொண்டான். சர்க்காருக்கு, வாசலிலிருந்து திரும்பிப் போன ஏழையின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. அதனால்தான் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்? முதலாவது, அவசியமில்லாத இடத்தில் பதிவே கேட்கக் கூடாது. தகவல் தெரிந்துகொள்ளவும், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்க்கவும் கணக்கு எதற்கு? இரண்டாவது, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இது எதற்காக என்று ஒரு வரி தமிழில் எழுத வேண்டும். காரணம் எழுத முடியாத கேள்வியை எடுத்துவிட வேண்டும். நோக்கத்துக்கு வேண்டிய விவரத்துக்கு மட்டுமே சம்மதம் பெறலாம் என்றும், அதற்குரிய அறிவிப்பை எட்டாவது அட்டவணை பாஷைகளிலும் படிக்க வசதி தர வேண்டும் என்றும் 2023-ம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சர்க்கார் தரும் சகாயங்களுக்குச் சட்டம் தனி வழி வகுத்திருந்தாலும், தத்துவம் சர்க்காருக்கும் பொருந்தும். மூன்றாவது, பெயருக்கு ஒரே கட்டம். நான்காவது, ஒரு திரையில் ஒரு கேள்வி. பிரிட்டிஷ் சர்க்காரின் தளத்தில் இவ்விரண்டு முறைகளையுமே சிபாரிசு செய்கின்றனர். பத்துக் கேள்விகள் ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்பதைவிட, ஒவ்வொன்றாய் வருவது சிறிய செல்போன் திரைக்கு ஏற்றது.

ஐந்தாவது, ஒரு தரம் சொன்னதை மறுபடி கேட்கக் கூடாது. உலக இணையதளங்களுக்கு விதி வகுக்கும் சபை 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் விதிகளில் இதைச் சேர்த்திருக்கிறது. உள்ளே நுழைவதற்கு ஞாபகச் சோதனை வைத்துவிட்டு வேறு வழி தராமல் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நமது தமிழ்நாட்டு இ-சேவை ஏற்பாட்டில் ‘கேன்’ என்னும் குடிமகன் எண் ஒரு தரம் பெற்றுவிட்டால், சான்று ஒவ்வொன்றுக்கும் விவரங்களைப் புதிதாய்க் கொடுக்க வேண்டியதில்லை. இது நமது நாட்டிலேயே உள்ள நல்ல வழி. இதை மற்றத் துறைகளும் பின்பற்றலாம். ஆறாவது, தவறு நேர்ந்தால் எந்தக் கட்டத்தில், என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே தமிழில் சொல்ல வேண்டும். நிரப்பிய மற்றவற்றைத் துடைக்கக் கூடாது. ஏழாவது, செல்போன் எண்ணை மாற்றிக்கொள்வதற்கு மனிதர் இருக்கும் ஒரு மேஜை தாலூகாவிலாவது வேண்டும். யந்திரத்தால் பூட்டப்பட்டவனுக்கு யந்திரத்தினிடமே முறையிடு என்பது நியாயமன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சோதனை. பாரத்தைச் சென்னையிலோ டில்லியிலோ எழுதி முடித்தவர்கள், அதை வெளியிடும் முன் கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்து வரட்டும். மலையிலிருந்து இறங்கும் ஐந்து தொழிலாளரிடம் கொடுத்து, தாங்கள் வாய் திறவாமல் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எந்தக் கட்டத்தில் விரல் தயங்குகிறது, எந்தச் சொல்லில் புருவம் நெரிகிறது, எந்த இடத்தில் ‘நீங்களே போட்டுக் குடுங்க தம்பி’ என்று செல்போனை நீட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்த இடமே திருத்த வேண்டிய இடம். இதற்குப் பெருஞ் செலவோ பெரும் படிப்போ வேண்டியதில்லை. ஒரு சாயங்காலம் போதும்.

பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் கிராமங்களில் பாரம் நிரப்பிக் கொடுத்துத் தொண்டு செய்கிறோம். அது நல்ல காரியமே. ஆனால் நிரப்பிக் கொடுக்கும்போது சாவியை நாம் எடுத்துக்கொள்ளலாகாது. சொந்தக்காரரின் எண்ணையே போட வேண்டும்; அவருக்கு எண் இல்லாவிட்டால் வீட்டாரின் எண்ணைப் போட்டு, இன்னாருடைய எண் என்று ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பாரத்தில் எந்தக் கட்டம் ஜனங்களைத் திருப்பி அனுப்புகிறதென்று ஒரு நோட்டில் குறித்து வர வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. சாலைக்கும் குடிதண்ணீருக்கும் தீர்மானம் போடும் அதே சபையில், ‘இந்தத் திட்டத்தின் பாரத்தில் இந்தக் கேள்வி அநாவசியம், நீக்குக, இந்த வாசகம் விளங்கவில்லை, மாற்றுக’ என்று தீர்மானம் போட்டு அனுப்பலாம். ஒரு கிராமத்தின் தீர்மானத்தை அலட்சியம் செய்யலாம். கூடலூர் முதல் தேனி வரை ஒவ்வொரு பஞ்சாயத்திலிருந்தும் ஒரே கட்டத்தைக் குறித்து வரும் தீர்மானங்களை அலட்சியம் செய்ய முடியாது.

ஜனங்களின் சொந்த சர்க்கார் என்று பெயர் வைத்துக்கொண்ட பிறகு, அதன் வாசலில் ஜனங்கள் தரகனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நமக்குக் கௌரவமன்று. கேட்க வேண்டியதை மட்டும், தமிழில், ஒரே தரம் கேட்கும் பாரத்தைத் தர உத்தியோகஸ்தர்கள் முன்வர வேண்டும். வரும்வரை ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, ‘இது எதற்கு?’ என்று கேட்கும் உரிமையை நாம் விட்டுவிடக் கூடாது.